என் வீட்டை யாருக்கு விடுவது என்பதில் அரசுக்கு என்ன வேலை?

உங்கள் கேள்வி இது: வீட்டு மாடி காலியாகிவிட்டது, வாடகைக்கு விடப்போகிறீர்கள். "நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான்" என்கிறார் உங்கள் அப்பா. "அப்படிச் சொன்னால் பிசிஆர் கேஸ் போட்டுவிடுவார்கள்" என்று நண்பர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். ஒருவரைப் பிடிப்பதும் பிடிக்காததும் என் மனசு சம்பந்தப்பட்டது, அதில் தலையிட அரசுக்கு என்ன அதிகாரம், சட்டம் போட்டால் மனசு மாறிவிடுமா என்று கேட்கிறீர்கள். வீட்டுக்குள் பேசுகிற பேச்சுக்கும் கேஸ் வருமா, பொய் வழக்கு போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. வாடகை விஷயம் போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்பது அதைவிடப் பெரிது. மனிதனின் வெறுப்பு எந்த இடம் வரை அவனுடைய சொந்த விவகாரம், எந்த இடத்திலிருந்து ஊர் விவகாரம் என்பதுதான் கேள்வி. நான் மதுரைப் பக்கம் பல வருடமாகக் கிரிமினல் வழக்கு நடத்துகிற வழக்கறிஞர். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்காகவும் நின்றிருக்கிறேன், குற்றம் சாட்டப்பட்டவருக்காகவும் நின்றிருக்கிறேன். எது உறுதி, எது இன்னும் தீராத கேள்வி, எது என் சொந்தக் கருத்து என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். நீங்கள் ஒருவரைப் பற்றி மனசுக்குள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை இந்தியாவில் எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்து, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பதைத் தடை செய்கிறது. தடை, கடைப்பிடிப்பதற்குத்தான். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தடுப்பது, விரட்டுவது, நிலத்தைப் பறிப்பது, அவமதிப்பது, கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது என்று முழுக்க முழுக்கச் செயல்களின் பட்டியல் அது. 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த பகுதியில், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறார்கள். சுதந்திரம் வந்து அறுபத்தெட்டு வருடம் கழித்து ஒரு நாடாளுமன்றம் செருப்பைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருந்தது என்பது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என்னை உறுத்துகிறது.

இடையில் ஒன்று. நம்மூரில் "பிசிஆர் கேஸ்" என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் இந்த 1989 சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்கைத்தான். உண்மையான பிசிஆர் சட்டம் வேறு. 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976-ல் கடுமையாக்கப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது அது. உங்கள் விஷயத்துக்கு இரண்டுமே தேவைப்படும்.

"செயலைத்தான் பார்க்கிறது என்றால், சாதி காரணமா என்று நோக்கத்தை ஏன் கிளறுகிறது?" என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரே செயலுக்கு நூறு காரணம் இருக்க முடியும் என்பதால்தான் கிளறுகிறது. டீக்கடைக்காரர் ஒருவருக்கு டீ தர மறுக்கிறார். பழைய பாக்கி இருக்கலாம், குடித்துவிட்டுத் தகராறு செய்தவராக இருக்கலாம். அவை குற்றமில்லை. சாதியால் மறுத்தால் குற்றம். பிசிஆர் சட்டத்தின் 12-வது பிரிவு இந்த இடத்தில் பாதிக்கப்பட்டவர் பக்கம் சாய்கிறது: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக அந்தச் சட்டம் சொல்லும் செயல் நடந்திருந்தால், அது தீண்டாமையின் காரணமாகத்தான் நடந்தது என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு மறுத்தவருடையது. அவர் காட்டலாம், காட்டி விடுதலையானவர்களும் உண்டு. ஆக, சட்டம் உங்கள் மனசுக்குள் சோதனை போடுவதில்லை. நீங்கள் செய்த காரியத்துக்கு உங்களிடம் விளக்கம் கேட்கிறது.

சரி, எந்தெந்தக் காரியத்துக்கு? அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவின் முதல் பகுதி அரசைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாம் பகுதி அரசோடு நிற்கவில்லை. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்ற காரணங்களால் எந்தக் குடிமகனும் கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம் ஆகியவற்றில் நுழைவதில் தடைக்கு உள்ளாகக் கூடாது என்கிறது. இவையெல்லாம் தனியார் சொத்து. இந்தப் பிரிவு 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் விவாதத்துக்கு வந்தபோது, சலவைக்கடையும் சலூனும் இதில் வருமா, "கடை" என்றால் என்ன என்று கேள்வி எழுந்தது. அம்பேத்கர் சொன்ன பதில் இன்றைக்கும் இந்தத் துறையின் அடித்தளம். தேடி வருகிற யாருக்கும் சேவை தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எதுவோ அதெல்லாம் கடைதான் என்றார். உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, சேவைக்கான நிபந்தனைகள் ஒத்துப்போனால் சேவையைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதில் அடங்கும் என்றும் விளக்கினார். பெஞ்சில் உட்கார விட்டுவிட்டு டீ மட்டும் தராமல் இருக்க முடியாது என்பது இதன் பொருள். 2011-ல் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், டெல்லியில் ராணுவத்தினர் நலச் சங்கம் நடத்திய மருத்துவக் கல்லூரியைப் பற்றிப் பேசும்போது உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தையே எடுத்துக்கொண்டு, தனியார் கல்வி நிறுவனமும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்றது. 17-வது பிரிவு தனி நபர்களையும் கட்டுப்படுத்தும் என்பது 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது.

இதே வாதம் அமெரிக்காவில் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியை அப்படியே கேட்டவர் அதில் இருக்கிறார். 1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது. சில மணி நேரத்துக்குள் அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டலின் உரிமையாளர் மோர்ட்டன் ரோல்ஸ்டன் வழக்குப் போட்டார். அவரே வழக்கறிஞர், அவரே வாதாடினார். கறுப்பினத்தவருக்கு அறை தரச் சொல்வது என் சொத்துரிமையைப் பறிக்கிறது, விருப்பமில்லாமல் வேலை வாங்குவது அடிமைமுறைக்குச் சமம், அடிமைமுறையை ஒழித்த 13-வது திருத்தத்துக்கே அது விரோதம் என்றார். அந்த டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை நிராகரித்தது. மோட்டல் நடத்தச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நெடுஞ்சாலை ஓரம் பலகை வைத்து வருகிறவர்களையெல்லாம் அழைத்த பிறகு, தோலின் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்புவதைத்தான் சட்டம் தடுத்தது.

இனி உங்கள் மாடி. இங்கேதான் சட்டம் தெளிவாக இல்லை. நண்பர் சொன்னது போல அவ்வளவு எளிதுமில்லை, அப்பா நினைப்பது போல அவ்வளவு பாதுகாப்பும் இல்லை. வாடகைக்கு வந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், அதற்காகவே மறுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிசிஆர் சட்டத்தின் 4-வது பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவது, வாங்குவது, குடியிருப்பது ஆகியவற்றில் தீண்டாமையின் காரணமாக ஒருவருக்குத் தடை விதிப்பது குற்றம் என்று இருக்கிறது. தடை என்பதில் பாகுபாடும் அடங்கும் என்று 1976-ல் விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும், 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். இதோடு வன்கொடுமைச் சட்டத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். ஒருவரோடு வியாபாரம் செய்ய மறுப்பதையும் வழக்கமான நிபந்தனைகளில் செய்ய மறுப்பதையும் அந்தச் சொல்லின் விளக்கத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். எழுத்தில் உள்ளதை நேராக வாசித்தால், வாடகை மறுப்பும் இதற்குள் வரும் என்பதே என் வாசிப்பு. ஆனால் இந்தப் பிரிவுகள் மனதில் வைத்து எழுதப்பட்டது ஊர் கூடிச் செய்யும் ஒதுக்கல். ஒரு வீட்டுக்காரர் ஒரு வாடகைதாரரை மறுத்தது இதில் சேருமா என்று உச்ச நீதிமன்றம் நேராகத் தீர்த்துச் சொன்ன தீர்ப்பை நான் பார்த்ததில்லை. எனவே "கட்டாயம் கேஸ் வரும்" என்று நான் சொல்ல மாட்டேன். "வரவே வராது" என்று எந்த வழக்கறிஞராவது உங்கள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தால் அவரையும் நம்ப வேண்டாம்.

வந்தவர் முஸ்லிம் அல்லது கிறிஸ்தவர், அல்லது பட்டியலில் வராத வேறு சாதி என்றால், அதற்காக மறுக்கும் தனி வீட்டுக்காரரைத் தண்டிக்கும் பொதுச் சட்டம் இன்று இல்லை. வாடகையை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2017-ல் வந்த சட்டம் ஒப்பந்தம், முன்பணம், காலி செய்வது பற்றியெல்லாம் பேசுகிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை அது தொடவில்லை. அதைவிட ஒரு படி மேலே, 2005-ல் அகமதாபாத்தின் ஜொராஸ்டிரியன் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற சங்க விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அடிப்படை உரிமைகளை அரசுக்கு எதிராகத்தான் கேட்க முடியும் என்பவை அதன் வாதங்கள். சிறுபான்மைச் சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு தவறான திசை என்றே நினைக்கிறேன். பார்சிகளுக்குத் திறந்த அதே கதவு, நகரத்தின் நல்ல தெருக்களையெல்லாம் சாதிவாரியாக வேலி போட்டுக்கொள்ள நினைக்கும் பெரும்பான்மைக்கும் திறந்துதான் இருக்கிறது.

வீட்டுக்காரரின் உரிமையில் நாடாளுமன்றம் கை வைக்கவே மாட்டாது என்று நினைத்துவிட வேண்டாம். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கான 2017 சட்டமும், திருநர்களுக்கான 2019 சட்டமும் வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் குடியிருப்பதிலும் பாகுபாடு கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கின்றன, அதுவும் தனி நபர்களைக் கட்டுப்படுத்தும்படி. ஆக, தனியார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று எந்தக் கொள்கையும் டெல்லியில் இல்லை. சாதிக்கும் மதத்துக்கும் அதே வரியைப் பொதுவாக எழுத மட்டும் யாரும் முன்வரவில்லை. 2017-ல் சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதாவாக ஒரு பொதுவான பாகுபாட்டு எதிர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

அப்படி ஒரு சட்டம் வந்தால் உங்கள் மாடி அதில் வர வேண்டுமா? அமெரிக்காவில் இதை யோசித்து ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. உரிமையாளரே குடியிருக்கும், நான்கு குடும்பங்களுக்கு மேல் இல்லாத கட்டடத்துக்கு அதில் விலக்கு உண்டு. "மிஸஸ் மர்ஃபி விலக்கு" என்பார்கள். தன் வீட்டிலேயே ஒன்றிரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் கற்பனை விதவை ஒருத்தியின் பெயர் அது. ஆனால் அந்த அம்மாளும் "இன்னாருக்கு மட்டும்" என்று விளம்பரம் செய்யக் கூடாது. அப்புறம், நிறத்தைப் பொறுத்தவரை இந்த விலக்கே அநேகமாகச் செல்லாது, ஏனென்றால் சொத்தில் நிறபேதத்தைத் தடுத்த 1866-ன் பழைய சட்டம் தனியாருக்கும் பொருந்தும் என்று அதே 1968-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே சமையலறையை, ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் அறைத்தோழரைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் 1968-ன் வீட்டுவசதிச் சட்டம் தலையிடாது என்று 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்த்தது.

என் கருத்து இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாரோடு சாப்பிடுவது, யாரை வீட்டுக்குள் தங்க வைப்பது, யாரோடு சிநேகம் என்பதெல்லாம் அரசு எட்டிப் பார்க்கக் கூடாத இடங்கள். அங்கே நான் உங்கள் அப்பாவின் எண்ணத்தோடு சண்டை போடுவேன், ஆனால் போலீஸைக் கூப்பிட மாட்டேன். தனி வாசல், தனி மீட்டர், டு-லெட் பலகை, புரோக்கர், முன்பணம் என்று சந்தைக்கு வந்துவிட்ட வீடு அப்படிப்பட்ட இடமாக எனக்குத் தெரியவில்லை. அம்பேத்கர் சொன்ன கடைக்கு அது மிக அருகில் நிற்கிறது. வாடகை கட்டுவாரா, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வாரா, தண்ணீர்ப் பிரச்சினையில் அனுசரித்துப் போவாரா என்று கேளுங்கள், எல்லாம் உங்கள் உரிமை. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி இவற்றில் ஒன்றுக்கும் பதில் தராது.

மறுக்கப்பட்டவரின் பக்கமிருந்தும் பாருங்கள். வேலை மாற்றலாகி வந்த ஒருவர், குழந்தைகளுக்குப் பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது தெருத் தெருவாக அலைகிறார். ஒரு வீட்டுக்காரர் மறுத்தால் அது ஒருவருடைய விருப்பம். ஒரு தெருவே, ஒரு பேட்டையே அதே விருப்பத்தைக் கொண்டிருந்தால், அவருக்கு அந்த ஊரில் வீடு இல்லை, அந்தப் பள்ளி இல்லை. தனித்தனி வெறுப்புகள் சேர்ந்து ஒரு சுவராகின்றன. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் அது நிஜச் சுவராகவே நின்றது, 2008 மே மாதம்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. இப்படி மறுக்கப்பட்டவர்கள் எங்களிடம் வருவது அபூர்வம். சாதியைச் சொல்லி மறுப்பவர் யாருமில்லை, "வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்பார்கள், மறுநாளும் பலகை தொங்கும். இதை நிரூபிக்க அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே வருமானம் உள்ள இருவரை, நிறம் மட்டும் வேறாக, அடுத்தடுத்து அனுப்பிப் பார்ப்பார்கள். அப்படிப் போனவரே வழக்குத் தொடுக்கலாம் என்று 1982-ல் அவர்களின் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நம்மிடம் அதற்கான சட்டமும் இல்லை, அமைப்பும் இல்லை.

பேச்சைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குள் நான்கு சுவருக்குள் அப்பா என்ன சொன்னாலும், அது எவ்வளவு அசிங்கமானாலும், வன்கொடுமைச் சட்டம் வராது. சாதியைச் சொல்லி அவமதிப்பது "பொதுமக்கள் பார்வையில்" நடக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிற நிபந்தனை. 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. 2008-ல் ஸ்வரன் சிங் வழக்கில் சொன்ன இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இடம் தனியாருடையதாக இருந்தாலும், வெளியிலிருந்து மற்றவர்கள் பார்க்கும்படி இருந்தால் அது பொதுப் பார்வைதான். உங்கள் கேட்டுக்கு வெளியே, தெருவில் நாலு பேர் நிற்கும்போது என்றால் கதை வேறு.

கல்யாண விஷயத்தில் 2006-ன் லதா சிங் தீர்ப்பு கோட்டை இன்னும் அழகாக வரைகிறது. பிள்ளை சாதி மாறிக் கட்டிக்கொண்டது பிடிக்கவில்லையா, அதிகபட்சம் பெற்றோர் உறவை முறித்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். மிரட்டவோ அடிக்கவோ தொல்லை செய்யவோ கூடாது. மகள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்ற தகப்பனை எந்த நீதிமன்றமும் இழுத்துக்கொண்டு போய் விருந்தில் உட்கார வைக்காது. அவளைப் பின்தொடர்ந்து ஆள் அனுப்பும் தகப்பனை விடவும் கூடாது. நம் தென்மாவட்டங்களில் இந்த இரண்டாவது வரி இன்னும் ரத்தத்தோடு மீறப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

அரசின் அதிகாரத்துக்கு எல்லை என்று பேசும்போது பலரும் மறந்துவிடும் ஒரு பக்கம் இருக்கிறது. தனி மனிதரின் வெறுப்பைத் தடுக்க அரசால் முடியாமல் போகலாம். அதற்குச் சேவகம் செய்யாமல் இருப்பது அரசின் கையில்தான் இருக்கிறது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனியே வைத்திருந்தார்கள். மோதல் வராமல் இருக்கத்தான் என்பது அதிகாரிகளின் விளக்கம், உயர் நீதிமன்றமும் ஒரு காலத்தில் அதை ஏற்றது. 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது, சாதிப்படி வேலை பிரிக்கும் சிறை விதிகளையும் ரத்து செய்தது. அமெரிக்காவில் 1984-ல் வந்த ஒரு வழக்கும் இதையே பேசுகிறது. வெள்ளைக்காரத் தாய் கறுப்பினத்தவரை மறுமணம் செய்தாள், ஊர் கேலி செய்யும் என்று காரணம் சொல்லி அவளிடமிருந்து குழந்தையைப் பிரித்தது கீழ் நீதிமன்றம். தனியாரின் தப்பெண்ணம் சட்டத்தின் கைக்கு எட்டாமல் இருக்கலாம், ஆனால் அதற்குச் சட்டம் உயிர் கொடுக்கக் கூடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான் படித்த தீர்ப்புகளில் உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்வது அதுதான்.

சட்டத்தால் மனசு மாறுமா என்பது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. இரு பக்கமும் சான்று இருக்கிறது. 2011-12-ல் நடந்த இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பில், தீண்டாமை பார்ப்பதாகத் தாங்களே ஒப்புக்கொண்ட குடும்பங்கள் சுமார் 27 சதவீதம். ஒழிக்கப்பட்டு அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இந்த நிலை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. பத்து வருடம் சட்டம் அந்த ஊர்களின் எல்லையில் நின்றது. 2006 அக்டோபரில், மாவட்ட நிர்வாகம் வீடு வீடாகப் போய்ப் பேசிய பிறகுதான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. மறுபக்கம், அமெரிக்காவில் கலப்பு மணத் தடையை நீதிமன்றம் 1967-ல் நீக்கியபோது பெரும்பான்மை அதற்கு எதிராகவே இருந்தது. காலப் கருத்துக்கணிப்பில் 1968-ல் ஆதரித்தவர்கள் 20 சதவீதம், 2021-ல் 94. தீர்ப்புதான் மாற்றியது என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எண்ணம் மாறட்டும் என்று சட்டம் காத்திருக்கவில்லை என்பது நிச்சயம். மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் கக்கனையும் மற்றவர்களையும் மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனபோது வரிசை தலைகீழ்: நுழைவு முதலில், அதற்குக் காப்பான சட்டம் பிறகு.

நான் கண்ணால் பார்த்த மாற்றத்தையும் சொல்கிறேன். இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகள் வழக்குக்குப் பயந்து எல்லோருக்கும் பேப்பர் கப் போட்டன. கடைக்காரரின் மனசு மாறியதா என்றால் பல இடங்களில் இல்லை. ஆனால் அந்தக் கடையில் வளர்ந்த பிள்ளைகள் தனிக் குவளை என்ற ஒன்றைப் பார்க்காமலே வளர்ந்துவிட்டார்கள். வெறுப்பு வீட்டில் சொல்லிக்கொடுத்து மட்டும் வளர்வதில்லை, தினமும் செய்து பழகியும் வளர்கிறது. அந்தப் பழக்கத்தை நிறுத்தும் சக்தி சட்டத்துக்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

பொய் வழக்கு பற்றிய உங்கள் பயத்தையும் ஒதுக்கிவிட மாட்டேன். எல்லைத் தகராறும் கடன் தகராறும் வன்கொடுமை வழக்காக மாறியதைப் பார்த்திருக்கிறேன், அப்படிப்பட்டவர்களுக்காக வாதாடியும் இருக்கிறேன். ஆனால் அதைவிட அதிகமாகப் பார்த்தது வேறு: எஃப்ஐஆர் போடாமல் மணிக்கணக்கில் ஸ்டேஷனில் உட்கார வைப்பது, உடனே ஓர் எதிர்ப் புகார் வாங்கி வைப்பது, ஊர்ப் பெரியவர்களை வைத்து ராஜி பேசுவது, விசாரணைக்கு வரும்போது சாட்சிகள் பிறழ்வது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தவறான பயன்பாட்டைக் காரணம் காட்டிக் கைதுக்கும் வழக்குப் பதிவுக்கும் முன்நிபந்தனைகள் போட்டபோது, நாடாளுமன்றம் அதே வருடம் 18ஏ பிரிவைச் சேர்த்து அவற்றை நீக்கியது. 2020-ல் நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. விடுதலையான வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று கணக்குப் போடுபவர்கள், சாட்சி சொன்னவர் மறுநாள் அதே ஊரில், அதே முதலாளியிடம் கூலிக்குப் போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி உங்கள் மாடிக்கு. வாட்ஸ்அப்பிலோ புரோக்கரிடமோ சாதி, மதம் சொல்லி நிபந்தனை அனுப்பாதீர்கள். அது நாளைக்கு ஆவணமாக எதிரே வரும் என்பது சட்டக் காரணம், செய்யத் தகாத காரியம் என்பது என் காரணம். வாடகை, முன்பணம், எத்தனை பேர், வண்டி நிறுத்தம், தண்ணீர் ஆகியவற்றை எழுதி, வருகிற எல்லோருக்கும் அதையே காட்டுங்கள். முதலில் ஒத்துவருகிறவருக்குக் கொடுங்கள், எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். உங்கள் கேள்வியில் சொன்னதை மட்டும் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், எனவே ஏற்கெனவே யாரையாவது சாதியைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால் ஆவணங்களோடு உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். வீடு உங்கள் பெயரில் இருந்தால் அப்பாவோடு இதை உட்கார்ந்து பேசுவது உங்கள் பொறுப்பு. அவர் பெயரில் இருந்தால், குறைந்தபட்சம் அந்த "நம்ம ஆளுங்க" விளம்பரத்தை உங்கள் போனிலிருந்து போடாதீர்கள்.